பேரம் பேச ஓர் ஆள்

சீவரத்தினம் பர்மாவில் மோல்மீன் பட்டினத்து அரிசி ஆலையொன்றில் இருபத்தெட்டு வருஷம் கிளாக்கராக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஒரு தேக்கமரப் பெட்டியும் ஒரு சாய்மனைக் கதிரையும் ஒரு மனைவியும் கொண்டுவந்தார். பெட்டியையும் கதிரையையும் யாழ்ப்பாணத்து உடுவில் சனம் வந்து தடவிப் பார்த்து, நல்ல மரம் என்று சொல்லிவிட்டுப் போனது. மனைவியைப் பற்றி முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பெயர் மா சேன். நாற்பது வயதைத் தாண்டிய பர்மியப் பெண். குள்ளம், உருண்டை முகம், நடையில் ஒரு வேகம். தாயோடு சேர்ந்து சின்ன வயதிலிருந்தே மோல்மீன் சந்தையில் கருவாடும் உலர்ந்த இறாலும் விற்றவள். சீவரத்தினத்தை அவள் முதலில் கண்டதும் அந்தச் சந்தையில்தான். அங்கே அவர்தான் அந்நியர். கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போவார். ஒரு மாதம்வரை அவரிடம் இரட்டை விலை வாங்கியவளுக்குப் பிறகு மனம் கேட்கவில்லை. ஒருநாள் அவர் நீட்டிய காசை வாங்க மறுத்து, இப்படிக் கொடுத்தால் இந்த ஊர் உன்னைத் தின்றுவிடும் என்று சொன்னாள். பாதி விலைக்குக் கேள், நான் ஏசுவேன், நீ போவதுபோலப் போ, நான் கூப்பிடுவேன் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் அப்படியே செய்தார். ஆனால் போவதுபோலப் போனவருக்கு நடிக்கத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடேயே கலியாணம் முடிந்துவிட்டது என்று மா சேன் பிற்காலத்தில் அவரைக் கேலி செய்வாள்.

முப்பத்தாறாம் ஆண்டு அவர்கள் உடுவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டு வளவு சீவரத்தினத்தின் தகப்பன் விட்டுப்போனது. நடுவே கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அவருடைய தமக்கை பூரணம் தனியே இருந்தாள். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, அன்று கட்டிய வெள்ளைச் சேலையை மாற்றாதவள். வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. மா சேன் முற்றத்தில் நின்றால் பூரணம் அந்தப் பொட்டால் வரமாட்டாள். தம்பி தனியே சாய்மனைக் கதிரையில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, ஒரு கிண்ணம் கறியை வைத்துவிட்டு, நின்றபடியே நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போவாள். பதினெட்டு வயதில் கப்பலேறிய தம்பி நரைத்த தலையோடு வந்து சேர்ந்தான். வந்தவனை வேற்றுப் பாஷை பேசும் ஒருத்தி பங்குபோட்டுக்கொண்டாள் என்ற கோபம் அவளுக்கு ஆறவேயில்லை.

மா சேன் மருதனார்மடச் சந்தைக்கு முதல் தடவை போனபோது அவளிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை. மாதகலிலிருந்து கடகத்தில் மீன் கொண்டுவந்து விற்கும் லூர்த்தம்மாவுக்கு முன்னால் குந்தி, ஒரு கூறு ஓரா மீனைக் காட்டினாள். லூர்த்தம்மா விரல்களை விரித்து ஒரு விலை காட்டினாள். அந்த விரல்கள் விரிவதற்கு முன் கண்கள் ஒருகணம் பக்கத்துக் கடைக்காரியிடம் போய் வந்ததை மா சேன் பார்த்தாள். அது எந்த நாட்டுச் சந்தையிலும் ஒன்றுதான். அவளும் எத்தனையோ அந்நியர்களுக்கு அப்படி விலை சொன்னவள். தான் ஏமாற்றப்படுவது தெளிவாகத் தெரிந்தும் அதைச் சொல்ல வாயில் ஒரு சொல் இல்லாமல், காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். மீனைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

அன்று மாலை பேரம் பேசத் தமிழ் சொல்லித்தரும்படி புருஷனைக் கேட்டாள். சீவரத்தினம் புத்தகத் தமிழில் "இதன் விலையைச் சற்றுக் குறைத்துத் தருவீர்களா" என்று சொல்லிக்கொடுத்தார். அதைப் பாடமாக்கிக்கொண்டுபோய்ச் சொன்னபோது மீன் விற்கிற பெண்டுகள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குமேல் அவள் புருஷனிடம் கேட்கவில்லை. சந்தையிலேயே குந்தியிருந்து, மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கிக்கொண்டாள். கூடிப்போச்சு. கட்டாது. கண் மங்கின மீன். இது நேற்றையான். போறன் எண்டால் போறன். ஒரு வருஷத்துக்குள் மருதனார்மடத்தில் அவளை ஏமாற்ற ஆள் இல்லை.

லூர்த்தம்மாவுக்கு அவள் வராவிட்டால் பொழுது போகாது என்றாகிவிட்டது. பர்மாக்காரி வருகிறாள் என்றால் பக்கத்துக் கடைக்காரிகளும் கழுத்தை நீட்டுவார்கள். லூர்த்தம்மா ஆகாயத்தில் ஒரு விலை சொல்வாள். மா சேன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வாள். உன்ரை மூக்குக்கு எங்கடை மீன் மணக்காதடி என்பாள் அவள். உன்ரை மீன் கடலை மறந்துபோச்சு என்பாள் இவள். ஏச்சுக்கு நடுவே லூர்த்தம்மா புருஷனின் குடியைப் பற்றிச் சொல்வாள், மகன் கனிசியஸ் வள்ளத்துக்குப் போய் இன்னும் திரும்பவில்லை என்பாள், உனக்கேன் பிள்ளையில்லை என்று கேட்பாள். மா சேனும் விரலால் பாதியும் வாயால் பாதியுமாகத் தன் கதையைச் சொல்வாள். எழுந்து போவதுபோல நாலடி வைத்ததும், "எடியே, வாடி இஞ்சை" என்று கூப்பாடு வரும். இந்த ஊரில் அவளை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் சந்தைத் தமிழ்தான். அதை வைத்துக்கொண்டு சபை சந்தியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருமுறை சொந்தத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனார்கள். சிவந்த, கொழுத்த குழந்தை. மா சேன் அதைக் கையில் வாங்கி, மனம் நிறைந்துபோய், தனக்குத் தெரிந்த மிக நல்ல சொல்லைத் தேடி எடுத்து, "நல்ல உடன் பிள்ளை" என்றாள். அன்று பிடித்த மீனைத்தான் உடன் மீன் என்பார்கள். அங்கிருந்த பெண்கள் முதலில் திகைத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூரணம் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை அவள் கையிலிருந்து எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, தம்பியைப் பார்த்து, உவளை உள்ளுக்குள் வைத்திரு என்று மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு மா சேன் உறவினர் வீடுகளில் வாய் திறப்பதில்லை. வீட்டில் புருஷனோடு பர்மியம். வெளியே சந்தையில் பேரம். அவளுடைய உலகம் அந்த இரண்டுக்குள் அடங்கியது. அது போதும் என்றுதான் இருந்தாள்.

நாற்பதாம் ஆண்டு ஆடிக் கடைசியில் சீவரத்தினத்துக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி டாக்குத்தரும் வந்து பார்த்தார், ஊர்ப் பரியாரியும் வந்து பார்த்தார். இரண்டாவது கிழமையில் அவர் தன்னை மறந்து பேச ஆரம்பித்தார். பேசியதெல்லாம் தமிழ். அவள் பர்மியத்தில் கூப்பிட்டதற்கு அவர் திரும்பவேயில்லை. பூரணம் பக்கத்திலிருந்து தலையைத் தடவி ஏதோ சொன்னால் மட்டும் சின்னப் பிள்ளைபோல் முனகினார். மா சேன் வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு வேலிப் படலையைத் திறந்துகொண்டு சந்தைப் பக்கமாக நடந்தாள்.

சந்தைக்குப் போகிற ஒழுங்கையோரத்தில், ஆலமரத்தடியில் ஒரு வைரவர் கோயில். சூலமும் ஒரு விளக்கும்தான். அவள் அதற்கு முன் அங்கே நின்றதில்லை. அவள் வளர்ந்த விகாரையில் கையேந்திக் கேட்கும் பழக்கம் இல்லை; எல்லாம் அவரவர் வினை என்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் இது வைரவரின் ஊர், இங்கே தமிழில்தான் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்குப் பத்து வருஷம் தா என்று கேட்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடிப்போச்சோ என்று கேட்டு, ஐந்தாகக் குறைத்தாள். பிறகு இரண்டு. பிறகு ஒரு வருஷம், அடுத்த மாரி முடியுமட்டும். தன் கையிலிருந்த காப்புகள் இரண்டையும் கழற்றி விளக்கடியில் வைத்தாள். கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியாக, "அப்ப போறன்" என்று சொல்லிவிட்டு எழுந்து, மெல்ல மெல்ல நடந்தாள். ஒழுங்கை திரும்பும் இடம்வரை பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அங்கே நின்றாள். அதற்குமேல் எப்படிப் போவதென்று தெரியாமல் நின்றாள்.

மறுநாள் விடியுமுன் சீவரத்தினம் இறந்துபோனார்.

காரியங்களையெல்லாம் பூரணம்தான் முன்னின்று செய்வித்தாள். மூன்றாம் நாள் தன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துவந்து மா சேனுக்கு முன்னால் வைத்தாள். மா சேன் அதை எடுத்து உடுத்திக்கொண்டாள். பர்மாவில் புருஷன் செத்தால் உடுப்பு மாறுவதில்லை. ஆனால் அவரை எரித்த ஊர் இது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாள் கழித்து அவள் சந்தைக்குப் போனாள். வீட்டில் பேசிக்கொண்டிருந்த பர்மியம் அவரோடு போய்விட்டது. வாய் பூட்டுப்போட்டதுபோலக் கிடந்தது. லூர்த்தம்மாவின் குரலைக் கேட்டால் போதும், அவளோடு நாலு வார்த்தை ஏச்சுப் பட்டால் நெஞ்சு கொஞ்சம் இளகும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

வெள்ளைச் சேலையில் அவளைக் கண்டதும் லூர்த்தம்மா எழுந்து நின்றாள். பக்கத்துக் கடைகளும் அடங்கிப்போயின. மா சேன் குந்தி, ஒரு கூறு விளைமீனைக் காட்டி என்ன விலை என்று கேட்டாள். லூர்த்தம்மா மீனை அள்ளி அவளுடைய பையில் போட்டாள்.

"விருப்பமானதைத் தாங்கோம்மா" என்றாள்.

மா சேன் மீனைத் திரும்ப எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். இரத்தச் சிவப்பாக இருந்தது. "நேற்றையான்" என்றாள்.

"ஓமம்மா. நேற்றையான்தான்."

"கூடிப்போச்சு."

லூர்த்தம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "காசே வேண்டாம். கொண்டுபோய்க் காய்ச்சிச் சாப்பிடுங்கோ" என்றாள்.

மா சேன் எழுந்து நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை; இரக்கத்தோடு வழி விட்டார்கள். காய்கறிக்காரன் கத்தரிக்காயைச் சொல்லாமலே நிறுத்துக் கூடவும் போட்டான். தேங்காய்க்காரன் அசல் விலையை முதலிலேயே சொன்னான். அந்தச் சந்தையில் அத்தனை பேரும் அவளிடம் நியாயமாக நடந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்து பையை இறக்கிவைத்தபோது, அன்று தன் வாயிலிருந்து வந்த சொற்களெல்லாம் சேர்ந்து ஒரு கைக்குள் அடங்கும் என்று தெரிந்தது.

அடுத்த கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். எடியே என்று கூப்பிட்டவள் இப்போது அம்மா என்றாள். மா சேன் தெரிந்த ஏச்செல்லாம் ஏசிப் பார்த்தாள்; லூர்த்தம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். புருஷன் போன துக்கத்தில் மனுஷிக்கு மூளை தட்டிவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரி காதோடு சொல்வது கேட்டது. மோல்மீனுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றும் யோசித்தாள். அங்கே ஒரு தங்கை இருந்தாள். ஆனால் உலகச் சண்டை நடக்கிற காலத்தில் கடலில் போவது ஆபத்து, பொறுத்துப் பார்க்கலாம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

பட்டணத்துக்குப் போகும் எண்ணம் அவளுக்கு எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலையில் தேக்கமரப் பெட்டியைத் திறந்து, பச்சைப் பட்டு லுங்கியும் வெள்ளைச் சட்டையும் எடுத்து உடுத்தி, அதன் மேலே வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு சுன்னாகத்துக்கு நடந்தாள். ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி, கொக்குவில் தாண்டியதும் சேலையை அவிழ்த்து மடித்துப் பனையோலைப் பைக்குள் வைத்தாள். எதிரே இருந்த பெண் பார்த்தாள். எதிரே இருந்த பெண்ணுக்கு இவள் யாரென்று தெரியாது. மா சேனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெரிய கடைத் தெருவில் யூசுப் என்பவருடைய சின்னத் துணிக்கடை இருந்தது. ஐம்பது வயது மனிதர். கழுத்தில் அளவு நாடா, வாயில் வெற்றிலை. கடை வாசலில் ஆண்கள் இடுப்பில் கட்டும் பளையகாட்டுச் சாரங்கள் தொங்கின. மா சேன் அவற்றில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். நீலமும் வெள்ளையுமாகச் சின்னக் கட்டம். சீவரத்தினம் மோல்மீனில் கட்டியது இந்த மாதிரித்தான். யூசுப் அவளுடைய உடுப்பையும் முகத்தையும் பார்த்தார். பிறகு ஒருகணம் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் மா சேனுடைய நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"நாலு ரூவா" என்றார்.

"ஒண்டேகால்" என்றாள் மா சேன்.

யூசுப் திகைத்துப்போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இந்த உடுப்புக்குள்ளிருந்து இந்தத் தமிழ் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே நடந்தது, பார்க்க வேண்டிய பேரம். அவர் நூலைப் புகழ்ந்தார். இவள் சாயத்தைப் பழித்தாள். அவர் கப்பல் கூலியைச் சொன்னார். இவள் ஓரத்து இழையைப் பிரித்துக் காட்டினாள். இரண்டு தடவை எழுந்து தெருவரை போனாள், இரண்டு தடவையும் அவர் கூப்பிட்டார். களைத்துப்போய் யூசுப் சொன்னார்:

"ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வா தங்கச்சி. ஆம்பிளையோடை கதைச்சால் கெதியா முடிஞ்சிடும்."

"அவர் வரமாட்டார்" என்றாள் மா சேன். "பேரம் பேச வெக்கப்படுவார். நான் கூடக் குடுத்தாலும் ஒண்டும் சொல்லார். பெரிய கட்டம் பிடியாது, அதைத்தான் சொல்லுவார்."

சொல்லிய பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அவர் வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார், அவள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்பதுபோல அந்தக் குரல் இருந்தது. கேட்ட யூசுப்பும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நல்ல மனுசன், அவருக்காகக் குறைக்கிறேன் என்று இரண்டு ரூபாய்க்குக் கொடுத்தார். திரும்பி வரும் ரயிலில் சாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலால் வெளியே பார்த்தாள். சேலையைச் சுற்றிக்கொள்ள மறந்துபோய்ச் சுன்னாகம் வந்த பிறகுதான் அவசரமாகச் சுற்றினாள்.

பிறகு மாதம் ஒருமுறை போனாள். சீவரத்தினம் விட்டுப்போன புகையிலைத் தரைக் குத்தகையில் வரும் சொற்பப் பணத்தில் சோற்றைக் குறைத்துச் சாரம் வாங்கினாள். ஒவ்வொரு முறையும் யூசுப் பழையபடி ஆகாயத்தில் விலை சொல்வார், அவள் பாதாளத்தில் கேட்பாள், நடுவிலே சீவரத்தினம் வருவார். சாரம் பிடித்ததா என்று அவர் கேட்பார். நீளம் போதாதென்று ஏசினார் என்பாள் இவள். அவருக்கு இருமல் என்று ஒருமுறை சொன்னபோது யூசுப் கற்கண்டும் மிளகும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து மிளகை இடித்தேவிட்டாள்.

நாலாவது சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தபோதுதான் ஊர் கண்டது. தாலியறுத்தவள் வீட்டுக் கொடியில் புதுச் சாரம். கதை ஒழுங்கை முழுவதும் ஒரே பகலில் போய் வந்தது. பின்னேரம் பூரணம் பொட்டால் குனிந்து வந்தாள். மா சேன் முற்றத்தில் நிற்கும்போதே அவள் அந்தப் பொட்டால் வந்தது அதுதான் முதல் தடவை. கொடியிலிருந்த சாரத்தை இழுத்தெடுத்து நீட்டினாள்.

"இது ஆற்றை?"

"அவற்றை."

"ஆர் அவர்? சொல்லு. ஊர் என்ன கதைக்குதெண்டு தெரியுமோ உனக்கு?"

"உங்கடை தம்பியின்ரை" என்றாள் மா சேன். உள்ளே போய் மற்ற மூன்று சாரங்களையும் எடுத்துவந்து, கட்டாமலே மடிப்பு மடிப்பாக இருந்தவற்றை அவளுக்கு முன்னால் வைத்தாள். தன்னிடமிருந்த சந்தைத் தமிழையெல்லாம் கூட்டிப் பட்டணத்துக் கடையைப் பற்றிச் சொன்னாள். ரயிலில் சேலை அவிழ்த்ததையும் மறைக்கவில்லை. பூரணத்தின் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"விசரே உனக்கு? செத்தவனுக்கு ஆரும் சாரம் வேண்டுவினமோ?"

"அங்கை அவர் சாகேல்லை, மச்சாள்." மா சேன் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். "மருதனார்மடத்திலை எல்லாருக்கும் தெரியும். அதாலை ஒருத்தரும் என்னோடை கதைக்கினமில்லை. அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. அங்கை அவர் இருக்கிறார்."

பூரணம் சாரத்தைக் கையில் பிடித்தபடியே வாசற்படியில் போய் இருந்தாள். அந்த வீட்டு வாசற்படியில் அவள் இருந்ததும் அன்றுதான். நெடுநேரம் சாரத்தின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் செத்தபோது அவனைத் தெரியாத ஊர் ஒன்று எங்கேயாவது இருந்திருந்தால் தானும் போயிருப்பாளோ என்று நினைத்தாளோ என்னவோ, அதை அவள் பிறகும் யாருக்கும் சொன்னதில்லை. கடைசியில் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அவனைப் பற்றி என்ன சொன்னனீ அங்கை?"

மா சேன் சொன்னாள். பெரிய கட்டம் பிடியாது என்பதைச் சொன்னாள். பேரம் பேச வெட்கப்படுவார் என்பதைச் சொன்னாள். இருமலையும் கற்கண்டையும் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்த பூரணம், சின்னனிலும் அவனுக்கு மாரி வந்தால் இருமல்தான் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். எழுந்து போகும்போது, இனித் தோய்ச்சால் கொடியிலை போடாதை, உள்ளுக்குக் காயவை என்றாள்.

அதன் பிறகு மா சேன் பட்டணத்துக்குப் போய்வரும் நாளில் பூரணம் பொட்டடியில் காத்து நிற்பாள். போகக்கூடாதென்று சொல்லவில்லை. உள்ளே வந்து குந்தியிருந்து, கடைக்காரன் இன்றைக்கு என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். தம்பியோடு கழிக்கக் கிடைக்காத இருபத்தெட்டு வருஷத்தில் ஏதோ ஒரு துண்டு அங்கே யூசுப்பின் கடையில் கிடக்கிறது, அதை மா சேன் எடுத்துக்கொண்டு வருகிறாள் என்பதுபோல இருக்கும் அவள் கேட்கும் விதம்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஜப்பான்காரன் மோல்மீனைப் பிடித்துவிட்டான் என்ற செய்தி வந்தது. தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. திரும்பிப் போகும் வழி அன்றோடு அடைபட்டது. பட்டணத்துக் கடைகளிலெல்லாம் பர்மாப் பேச்சுத்தான். யூசுப்பின் கடையிலும் யாரோ அதைப் பேச, தன்னிடம் ஒரு பர்மாக்காரி வந்து சாரம் வாங்குகிறாள், பேரத்தில் புலி என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே துணி வாங்க வந்திருந்த உடுவில் ஆள் ஒருவர், அது எங்கள் சீவரத்தினத்தாருடைய பெண்சாதியல்லவா, அவர் செத்து ஒன்றரை வருஷமாகிறதே என்றார்.

அடுத்த முறை மா சேன் போனபோது யூசுப் எழுந்து நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. ஒரு முக்காலியை இழுத்துத் தோளிலிருந்த துண்டால் தட்டிவிட்டு அவளை இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. அந்த மரியாதையைக் கண்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் கையை நீட்டி ஒரு சாரத்தைத் தொட்டு விலை கேட்டாள்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார் யூசுப். "அல்லா அறிய, தெரிஞ்சிருந்தால் அப்பிடி விலை சொல்லியிருக்கமாட்டன். அந்தச் சாரமெல்லாத்தையும் கொண்டு வாங்கோ. காசைத் திருப்பித் தாறன்."

மா சேன் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவர் நல்ல மனிதர். லூர்த்தம்மாவும் நல்லவள். அவர்களிடம் கோபிக்க ஒன்றுமில்லை. தொட்ட சாரத்தை மடிப்புக் கலையாமல் விட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். வாசலில் நின்றபடி அவர் பார்த்துக்கொண்டே நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை. ஸ்டேஷனில் ரயில் வருமுன்னமே வெள்ளைச் சேலையை எடுத்துப் பச்சை லுங்கியின் மேல் சுற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் இரண்டாம் தடவையும் செத்துப்போனார், இந்த முறை செத்த வீட்டுக்கு வர ஆளில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பூரணம் பொட்டடியில் நின்றாள். வழக்கத்தைவிட நேரமாகிவிட்டதால் முகத்தில் ஒரு பதைப்பு.

"ஏன் உவ்வளவு நேரம்? சாரம் எங்கை?"

மா சேன் வெறுங்கையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்குச் சொற்கள் இருந்தன. இந்த ஆறு வருஷத்தில் அதற்கு வேண்டிய தமிழ் அவளிடம் சேர்ந்துவிட்டது. ஆனால் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கிழட்டு முகத்தைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை.

"இண்டைக்கு விலை படியேல்லை, மச்சாள்" என்றாள்.

"என்ன கேட்டவன்?"

"ஆறு ரூவா. சண்டையாம், கப்பல் வராதாம்."

"நீ என்ன கேட்டனீ?"

"ரண்டு."

பூரணம் பொட்டால் குனிந்து உள்ளே வந்து வாசற்படியில் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு கூடத்தான்" என்றாள். "எண்டாலும் ரண்டுக்குக் கேட்டால் ஆர் குடுப்பான்? மூண்டெண்டு கேட்டிருக்கலாம். தம்பியைப் பற்றி ஏதும் கேட்டவனோ?"

"கேட்டவர். இருமல் சுகமோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

மா சேன் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்சம் சுகம் என்று சொன்னதாகச் சொன்னாள். இன்னும் வெளிக்கிட்டு நடமாடத் தொடங்கவில்லை, மாரி முடிந்தால் எழும்பிவிடுவார் என்றும் சொன்னதாகச் சொன்னாள். பூரணம் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு, மூன்று கூடவோ மூன்றரை கூடவோ என்று இரண்டு பேரும் இருட்டும்வரை அந்தப் படியிலிருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.